காற்றாலையும் கிணற்று நீரும்: போராட்டத்தைச் செய்தி எவ்வாறு காட்டுகிறது?

மன்னார் தீவுக்குள் காற்றாலைக் கோபுரங்களின் பாரிய பாகங்களை ஏற்றிய வாகனங்கள் 2025 ஆகஸ்ட் மாத முற்பகுதியில் நுழைய முற்பட்டபோது அத்தீவின் மக்கள் வீதிக்கு வந்தனர். மதகுருமார், கடற்றொழிலாளர், பெண்கள், இளைஞர் எனப் பல தரப்பினரும் அதில் இணைந்துகொண்டனர். இதனையடுத்துப் பணிகளை ஒரு மாத காலத்துக்கு இடைநிறுத்துவதற்கு அரசாங்கம் இணங்கியது. அந்த அவகாசம் முடிவுற்றதும், ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட 14 காற்றாலைகளின் பணிகள் தொடரும் என்றும், இனிவரும் திட்டங்கள் மக்களின் இணக்கமின்றி முன்னெடுக்கப்படமாட்டா என்றும் ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்கவின் தரப்பிலிருந்து அறிவிக்கப்பட்டது. செப்டெம்பர் 26 ஆம் திகதி இரவு, பாகங்களைக் கொண்டுசெல்வதற்குப் பாதுகாப்பு வழங்கிய பொலிஸார் மக்கள்மீது பலப்பிரயோகம் மேற்கொண்டனர். அதனைக் கண்டித்து 29 ஆம் திகதி மன்னாரில் பொதுமுடக்கம் அனுஷ்டிக்கப்பட்டது.

இவை அனைத்தும் செய்திகளில் வந்தவையே. ஆயினும் இச்செய்திகளை வாசித்த ஒருவர் மன்னார் மக்களைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டார் என்பது, அவர் எந்த ஊடகத்தை வாசித்தார் என்பதிலேயே தங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் அவர்கள் நாட்டின் மின்சாரத் தேவையைப் புரிந்துகொள்ளாது அபிவிருத்தியைத் தடுப்பவர்கள். மறுபக்கத்தில் அவர்கள் கொழும்பின் நில அபகரிப்புக்கு எதிராக எழுந்த தமிழர்கள். வேறொரு பக்கத்தில் அவர்கள் மதத் தலைவர்களினாலோ அரசியல்வாதிகளினாலோ வழிநடத்தப்பட்டவர்கள். தமது வீட்டு முற்றத்தில் மழைநீர் வடிந்தோட வழியுண்டா, தமது கரைவலைப் பாடு மிஞ்சுமா, தமது சம்மதம் எப்போது கேட்கப்பட்டது என்று வினவிய குடிமக்களாக அவர்கள் தென்பட்ட பக்கங்கள் ஒப்பீட்டளவில் குறைவு.

ஒரு போராட்டத்தை நேரில் காண்பவர்கள் சில நூறு பேராகவோ சில ஆயிரம் பேராகவோ இருப்பர். ஏனைய இலட்சக்கணக்கானோர் அதனைச் செய்தியினூடாகவே காண்கின்றனர். எனவே, செய்தி எந்த வினாவை முதலாவதாகக் கேட்கிறதோ அந்த வினாவையே மக்களும் கேட்கத் தொடங்குகின்றனர். சூழல் சார்ந்த போராட்டங்களைப் பொறுத்தவரை இது மேலும் கூர்மையானது. ஏனெனில் அங்கு நிகழும் தீங்கு பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாவதில்லை. நிலத்தடி நீரில் கலந்த எண்ணெயையோ, ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக உயரும் கடல் மட்டத்தையோ புகைப்படம் எடுக்க முடியாது. வீதியில் எரியும் ரயரைப் புகைப்படம் எடுக்க முடியும்.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையன்று. வியட்நாம் போருக்கு எதிராக 1968 ஒக்டோபர் 27 ஆம் திகதி இலண்டனில் மாபெரும் பேரணி ஒன்று நடைபெற்றது. பல்லாயிரக்கணக்கானோர் அமைதியாக நடந்து சென்றனர். ஒரு சிறு பிரிவினர் மட்டும் பிரிந்து சென்று அமெரிக்கத் தூதரகம் அமைந்திருந்த குறோஸ்வெனர் சதுக்கத்தில் பொலிஸாருடன் முரண்பட்டனர். லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹலோரன், பிலிப் எலியட், கிரகாம் மர்டொக் ஆகியோர் இந்நிகழ்வு பற்றிய செய்திகளை ஆராய்ந்து 1970 இல் நூலொன்றை வெளியிட்டனர். பேரணிக்கு முன்னரே பத்திரிகைகள் வன்முறையை எதிர்பார்த்து எழுதியிருந்தன. பேரணி முடிந்ததும் அந்த எதிர்பார்ப்புக்குப் பொருந்திய சிறு மோதலையே முதன்மைப்படுத்தின என்பதே அவர்களது முடிவின் சாரம். பேரணி எதற்காக நடந்தது என்ற விடயம் பின்தள்ளப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் இவ்வழக்கம் மாறிவிட்டதாகக் கொள்ள இடமில்லை.

அமெரிக்க அறிஞர் ஷாந்தோ ஐயங்கார் 1991 இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஒரு பிரச்சினையைத் தனித்தனிச் சம்பவங்களாகக் காட்டும் செய்திகளைப் பார்ப்பவர்கள், அதற்கான பொறுப்பைச் சம்பந்தப்பட்ட தனிமனிதர்கள்மீது சுமத்த முற்படுகின்றனர். அதே பிரச்சினையைப் பின்னணியோடும் காரணங்களோடும் காட்டினால், அரசும் சமூகமும் என்ன செய்தன என்று கேட்கின்றனர். அதாவது, "வீதி மறிக்கப்பட்டது, நால்வர் கைது" என்ற வகைச் செய்தி, வாசகரை மறித்தவர்மீது சினங்கொள்ள வைக்கிறது. "எதற்காக மறித்தனர், அதற்கு முன் எத்தனை மனுக்கள் கொடுத்தனர், அவற்றுக்கு என்ன பதில் கிடைத்தது" என்ற செய்தி, பதிலளிக்காத அதிகாரிமீது வினா எழுப்ப வைக்கிறது. இரண்டும் உண்மைச் செய்திகளே. ஆனால் அவற்றின் விளைவு ஒன்றல்ல.

பிரித்தானியாவில் அண்மைய ஆண்டுகளில் நடந்தவை இதற்குத் தக்க உதாரணம். 2022 ஒக்டோபர் 14 ஆம் திகதி, 'ஜஸ்ட் ஸ்டொப் ஒயில்' அமைப்பைச் சேர்ந்த இரு இளம் பெண்கள், இலண்டன் தேசிய ஓவியக் கூடத்திலுள்ள வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின்மீது தக்காளிச் சூப்பை வீசினர். கண்ணாடியால் மூடப்பட்டிருந்த ஓவியத்துக்குச் சேதம் ஏற்படவில்லை. சட்டகத்துக்கே சிறு சேதம் ஏற்பட்டது. உலகெங்கும் அச்செய்தி பரவியது. புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வுகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கக்கூடாது என்ற அவர்களது கோரிக்கை, செய்தியின் கடைசிப் பந்திக்குத் தள்ளப்பட்டது. பல இடங்களில் அதுவும் இல்லை. 2024 இல் அவ்விருவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டனைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலையை மறிக்கத் திட்டமிட்ட வழக்கில் ஐவருக்கு 4 முதல் 5 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் மேன்முறையீட்டில் குறைக்கப்பட்டது. அதே மாதம் அவ்வமைப்பு இவ்வகைப் போராட்டங்களைக் கைவிடுவதாக அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், புதிய வயல்களை ஆராய அனுமதிப்பத்திரம் வழங்குவதில்லை என்ற நிலைப்பாடு 2024 தேர்தலில் வெற்றிபெற்ற தொழிற்கட்சியின் விஞ்ஞாபனத்திலேயே இடம்பெற்றிருந்தது. அரசாளும் கட்சி ஏற்றுக்கொள்ளத்தக்க ஒரு கோரிக்கை, பொதுமக்களின் மனத்தில் சூப்போடும் பசையோடும் மட்டுமே பதிந்துபோனது. போராட்ட முறையை வெறுப்பது வேறு, போராட்டத்தின் கோரிக்கையை மறுப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துத் தரும் செய்தி, வாசகர் தாமாக ஒரு முடிவுக்கு வரும் உரிமையைப் பறித்துவிடுகிறது. போராடுவோரும் இதில் முற்றிலும் குற்றமற்றவர்கள் எனக் கூறுவதற்கில்லை. கமராவின் கண்ணில் படுவதற்காகவே ஒரு செயலைத் தெரிவு செய்பவர்கள், கமரா அச்செயலை மட்டுமே காட்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

அயலிலுள்ள இந்தியாவில் வேறொரு வழக்கம் உண்டு. அங்கு முதலில் எழும் வினா, "இவர்களுக்குப் பின்னால் இருப்பவர் யார்?" என்பதாகும். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரைக் கடற்றொழிலாளர் போராடியபோது, அதன் பின்னணியில் அமெரிக்காவிலிருந்து இயங்கும் அரச சார்பற்ற நிறுவனங்கள் உள்ளன என அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் 2012 பெப்ரவரியில் கூறினார். அதன் பின்னர் அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு பற்றிய விவாதத்தை விட, பணம் எங்கிருந்து வந்தது என்ற விவாதமே மேலோங்கியது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 ஆம் திகதியும் அதனைத் தொடர்ந்தும் பொலிஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். சமூக விரோதிகள் கூட்டத்தினுள் ஊடுருவிவிட்டனர் என்ற கதை உடனடியாகவே பரப்பப்பட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைக்குழுவின் அறிக்கை 2022 இல் தமிழகச் சட்டசபையில் சமர்ப்பிக்கப்பட்டபோது அது பொலிஸாரின் செயலையே கண்டித்தது. ஆனால் முதல் நாள் செய்தி எட்டிய செவிகள் அனைத்தையும் நான்கு ஆண்டுகள் கழித்து வந்த அறிக்கை எட்டியிருக்கும் எனக் கூறமுடியாது. 2021 பெப்ரவரியில் காலநிலைச் செயற்பாட்டாளர் திஷா ரவி, விவசாயிகள் போராட்டம் தொடர்பான ஓர் இணைய ஆவணத்துக்காகத் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதாகிப் பிணையில் விடுவிக்கப்பட்ட சம்பவமும் இதே வரிசையில் வருவதே.

இனி எமது குடாநாட்டுக்கு வருவோம். யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே எமக்குண்டு. சுண்ணாம்புக்கற் படுகையில் தங்கும் மழைநீரே எமது கிணறுகளின் நீராகும். அப்படுகையில் கலப்பது எதுவும் ஒரு வளவுக்குள் நின்றுவிடுவதில்லை. சுன்னாகத்தில் டீசலிலும் உலை எண்ணெயிலும் இயங்கிய மின் நிலையங்களை அண்டிய பகுதிகளில் கிணற்று நீரில் எண்ணெய் மணப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகளில் பெருந்தொகையான கிணறுகளில் எண்ணெய் மாசு கண்டறியப்பட்டது. 2014 இன் இறுதியிலும் 2015 இலும் இது மாபெரும் மக்கள் போராட்டமாக உருவெடுத்தது.

அவ்வேளையில் இவ்விடயம் எவ்வாறு பேசப்பட்டது என்பதை நினைவுபடுத்திப் பார்ப்பது பயனுள்ளது. முதலில் மக்கள் அறிய விரும்பியது ஒன்றே: இந்நீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கலாமா? ஆனால் சில வாரங்களுக்குள்ளேயே விவாதம் வேறு திசையில் சென்றது. வடக்கு மாகாண சபையின் நிபுணர் குழு சொல்வது சரியா, மத்திய நிறுவனங்கள் சொல்வது சரியா, எந்தக் கட்சி யாரைக் காப்பாற்றுகிறது என்ற வாதப் பிரதிவாதங்களே தலைப்புகளாயின. ஆய்வு முடிவுகளில் உள்ள அளவுகள் என்ன, அனுமதிக்கப்பட்ட எல்லை என்ன, ஒரு கிணற்றின் மாதிரி எந்த ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டது என்ற விளக்கங்கள் கட்சி அறிக்கைகளின் அடியில் புதைந்தன. வாசகர் இறுதியில் ஒரு கட்சியை நம்பினாரேயன்றி ஒரு பரிசோதனையை நம்பவில்லை.

இப்பிரச்சினையை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் தென்னிலங்கையைச் சேர்ந்த சூழலியற் செயற்பாட்டாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் ஆவார். அவர் 2015 இல் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுமீது 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பளிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற தத்துவத்தின் அடிப்படையில், நோர்தேன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாவை இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது. இலங்கையின் சுற்றாடல் சட்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்க தீர்ப்புகளுள் இது ஒன்றாகும். சுன்னாகத்துக் கிணறுகளுக்காக ஒரு சிங்களச் செயற்பாட்டாளர் வழக்காடி வென்ற இச்செய்தி, எமது வழமையான செய்திச் சட்டகங்கள் எதனுள்ளும் இலகுவில் அடங்குவதில்லை. ஆகவேதான் போராட்டக் காலத்தில் நாள்தோறும் முன்பக்கத்தில் நின்ற சுன்னாகம், தீர்ப்பு வந்தபோது அதே அளவுக்குப் பேசப்படவில்லை. இன்றும் எமது இளைஞர்களிடம் சுன்னாகம் பற்றிக் கேட்டால், எண்ணெய் கலந்தது என்பதைச் சொல்வர். தீர்ப்பின் உள்ளடக்கத்தைச் சொல்பவர் சிலரே.

இரண்டாவது உதாரணம் எமது தீவகமாகும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய சக்தியும் காற்றும் இணைந்த மின் திட்டமொன்று முன்மொழியப்பட்டது. 2021 ஜனவரியில் அது சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்படுவதற்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. இந்தியா ஆட்சேபித்தது. 2021 டிசெம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் தெரிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் அதனை முன்னெடுக்க உடன்பாடு எட்டப்பட்டது. 2024 மார்ச்சில் இந்திய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. நன்கொடைத் தொகை சுமார் 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர்.

இந்த மூன்று ஆண்டுகளில் தீவகம் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, இராமேஸ்வரத்துக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கைப் பற்றியதே. டீசல் மின்பிறப்பாக்கியின் சத்தத்தோடு வாழும் நெடுந்தீவுக் குடும்பத்துக்கு மின்சாரம் எந்த ஆண்டு வரும், காற்றாடி எந்த நிலத்தில் நாட்டப்படும், பழுதடைந்தால் யார் வந்து திருத்துவர் என்ற கேள்விகள் அரிதாகவே கேட்கப்பட்டன. இந்து சமுத்திரத்தின் பெரும் வல்லரசுப் போட்டி முக்கியமற்றதென நாம் கூறவரவில்லை. ஆனால் தீவக மக்கள் அந்தக் கதையில் வரைபடத்திலுள்ள புள்ளிகளாகவே நின்றனர் என்பதே எமது கவலை.

மன்னாரிலும் இதுவே நடந்தது. அங்கு மின்சார சபையின் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை 30 கோபுரங்களுடன் 103.5 மெகாவாட் கொள்ளளவில் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன் பின்னர் வந்தது மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் கொள்ளளவுள்ள அதானி குழுமத்தின் திட்டம். 2022 ஜூனில் மின்சார சபையின் அப்போதைய தலைவர், கோப் குழுவின் முன்னிலையில் இந்தியப் பிரதமரின் அழுத்தம் பற்றிக் கூறிப் பின்னர் அதனை மீளப்பெற்றுப் பதவி விலகியதும், விவகாரம் முழுமையாக அரசியற் செய்தியாக மாறியது. 2025 பெப்ரவரியில் அதானி குழுமம் விலகிக்கொண்டபோது விலை பற்றியும் டெல்லியின் மனநிலை பற்றியும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. மன்னார், மத்திய ஆசியப் பறவைகளின் வலசைப் பாதையின் தென்கோடியில் உள்ளது என்பதும், வங்காலைச் சரணாலயம் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பாதுகாக்கப்படும் ஈரநிலம் என்பதும், அத்தீவின் தாழ்ந்த நிலத்தில் ஒரு பாதையை உயர்த்திப் போட்டாலே மழைநீரின் போக்கு மாறிவிடும் என்பதும் விடயமறிந்த சிலரின் கட்டுரைகளுக்குள் அடங்கிவிட்டன. இதனால், அதானி விலகியதும் பிரச்சினை முடிந்துவிட்டது என்று வெளியிலிருந்தோர் எண்ணினர். ஆறு மாதங்களின் பின் மன்னார் மக்கள் மீண்டும் வீதிக்கு வந்தபோது, "அதானிதான் போய்விட்டதே, இன்னும் எதற்குப் போராட்டம்?" என்று பலர் வியந்ததற்கு அதுவே காரணம்.

தமிழ் ஊடகங்கள் ஒவ்வொரு பிரச்சினையையும் நிலமும் இனமும் என்ற கண்ணாடியினூடாக நோக்குவது ஏன் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2006 மே 2 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உதயன் காரியாலயத்தினுள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்ற காலம் எமது நினைவிலிருந்து அகலவில்லை. காணி சுவீகரிப்பும் உயர் பாதுகாப்பு வலயமும் அன்றாடச் செய்தியாக இருந்த மண்ணில், புதிதாக வரும் எந்த வேலியையும் சந்தேகத்துடன் நோக்குவது இயல்பே. அந்தச் சந்தேகம் பல தடவைகள் நியாயமென நிரூபணமாகியும் உள்ளது. ஆனால் எல்லாக் கேள்விகளுக்கும் அந்த ஒரே விடை போதுமானதாகாது. இனப்பாகுபாடு என்று மட்டும் எழுதினால், தென்னிலங்கை வாசகர் அதனைத் தமது பிரச்சினையல்ல என ஒதுக்கிவிடுவார். அதிகாரிகளுக்கோ அது பெரும் வசதி. நீரோட்டம் பற்றிய கேள்விக்குப் பொறியியல் விடை தரவேண்டும். அரசியல் குற்றச்சாட்டுக்கு அரசியல் மறுப்பொன்றே போதும்.

மன்னார்ப் போராட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உலகின் பிற இடங்களில் காலநிலைப் போராளிகள், எண்ணெயையும் நிலக்கரியையும் கைவிட்டுக் காற்றுக்கும் சூரியனுக்கும் மாறுங்கள் எனக் கோருகின்றனர். மன்னாரிலோ காற்றாலைக்கே எதிர்ப்பு. ஆகவே இவர்கள் காலநிலை நடவடிக்கைக்கு எதிரானவர்கள் என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவது இலகு. 2030 இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவதென்பது அரசின் இலக்கு. அது தவறான இலக்கன்று. எண்ணெயை எரித்துப் பெறும் மின்சாரத்தின் விலை என்ன என்பதை, சுன்னாகத்துக் கிணறுகளைக் கண்ட எமக்கு வேறெவரும் கற்பிக்கவேண்டியதில்லை. காற்று வேண்டும் என்பதில் குடாநாட்டினருக்குக் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை. எங்கே, எத்தனை, யாருடைய சம்மதத்துடன், யாருக்கு இலாபத்துடன் என்பவையே வினாக்கள். மன்னார் மக்கள் கேட்டவையும் பெரும்பாலும் இவையே. இல்மனைட் கலந்த மணலை அகழ அவுஸ்திரேலிய நிறுவனமொன்று நீண்டகாலமாக முயன்றுவரும் ஒரு தீவில், கோபுரமும் அகழ்வும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதாக அவர்கள் அஞ்சுவதில் வியப்பில்லை.

அதேவேளை, மக்கள் சொல்வதனைத்தையும் அப்படியே அச்சேற்றுவதும் மக்களுக்குச் செய்யும் சேவையன்று. காற்றாலைகள் மழை மேகங்களைக் கலைத்துவிடுகின்றன என்ற பேச்சு, வடக்கில் அவை அமைந்த இடங்களில் பரவலாக உண்டு. எமது மாரி மழை, வடகீழ்ப் பருவக்காற்றினாலும் வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களினாலும் வருவது. பல நூறு கிலோமீற்றர் விரிந்த ஒரு தாழமுக்கத்தைச் சில கோபுரங்கள் தடுத்துவிட முடியாது. இதனை எமது பத்திரிகைகள் தெளிவாக எழுதவேண்டும். எழுதாவிட்டால், மழையைத் தடுக்கிறது என்ற பிழையான வாதத்தைக் காட்டி, வெள்ளநீர் வடிவதைத் தடுக்கிறது என்ற பரிசோதிக்கத்தக்க வாதத்தையும் சேர்த்து நிராகரிப்பது அதிகாரிகளுக்கு எளிதாகிவிடும். போராடும் மக்களின் பலம் அவர்களது வாதத்தின் உண்மையில் உள்ளது. அந்த உண்மையைப் புடைத்தெடுத்துக் கொடுப்பது செய்தியாளரின் கடமை.

மறுமுனையில், சமநிலை என்ற பெயரில் உண்மையை மங்கச் செய்யும் வழக்கமும் உண்டு. அமெரிக்காவின் முன்னணிப் பத்திரிகைகள் 1988 முதல் 2002 வரை வெளியிட்ட புவி வெப்பமாதல் செய்திகளை மெக்ஸ்வெல் பொய்கொஃப், ஜூல்ஸ் பொய்கொஃப் ஆகிய சகோதரர்கள் ஆராய்ந்து 2004 இல் வெளியிட்டனர். பாதிக்கும் மேற்பட்ட செய்திகள், விஞ்ஞானிகளின் ஒருமித்த முடிவுக்கும் அதனை மறுத்த சிலரின் கூற்றுக்கும் ஏறத்தாழச் சமமான இடத்தை வழங்கியிருந்தன. இரு தரப்பையும் கேட்டோம் என்று செய்தியாளர் மனநிறைவு கொண்டார். விஞ்ஞானிகளிடையே இன்னும் இணக்கமில்லை என்று வாசகர் எண்ணிக்கொண்டார். எமது சூழலில் இது, ஒரு நிறுவனத்தின் அறிக்கையையும் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அறிக்கையையும் அருகருகே இட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதாக வெளிப்படுகிறது. எது சரியென்று சென்று பார்ப்பதற்கு எவருமில்லை.

இதற்குப் பத்திரிகைத் துறையின் நடைமுறையே ஒரு காரணம் என்பதை மறுக்கமுடியாது. பிரதேசச் செய்தியாளர் பலர் மாதச் சம்பளமின்றி, வெளியாகும் செய்திக்கும் படத்துக்குமே கொடுப்பனவு பெறுபவர்கள். மூன்று நாட்கள் செலவிட்டு ஒரு வாய்க்காலின் போக்கை ஆராய்ந்தாலும் கிடைப்பது ஒரு செய்திக்கான கொடுப்பனவே. மறியலின் படத்தை அனுப்பினாலும் அதுவே. பொலிஸ் ஊடகப் பிரிவின் அறிக்கை விரைவாக வந்துவிடும். மக்களின் விளக்கம் மறுநாள்தான் வரும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பல நூறு பக்கங்கள் கொண்டது. சட்டப்படி அது பொதுமக்களின் கருத்துக்காக 30 நாட்கள் திறந்துவைக்கப்பட வேண்டும். மக்கள் பேசவேண்டிய காலம் அதுவே. ஆனால் அந்த 30 நாட்களில் வீதியில் கூட்டமில்லை, கோஷமில்லை, எனவே செய்தியுமில்லை. அறிக்கை அங்கீகாரம் பெற்று, ஒப்பந்தம் கைச்சாத்தாகி, வாகனங்கள் வந்துசேரும் நாளிலேயே செய்தி பிறக்கிறது. அன்று மக்களுக்கு எஞ்சியிருக்கும் வழி மறியல் ஒன்றே. பின்னர், "ஏன் முன்னரே சொல்லவில்லை?" என்று அவர்களிடமே கேட்கப்படுகிறது.

2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயல் நாட்டைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மன்னார் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கிய பிரதேசங்களுள் ஒன்று. 2008 நவம்பரில் 'நிஷா' புயலின்போதும், 2020 டிசெம்பரில் 'புரெவி' புயலின்போதும் குடாநாடு நீரில் மிதந்ததை நாம் கண்டோம். அவ்வேளைகளில் செய்தி நிவாரணப் பொதிகளையும் பிரமுகர்களின் விஜயங்களையும் பின்தொடர்ந்தது. மன்னார் வெள்ளத்துக்குக் காற்றாலைகளே காரணம் எனக் கூறுவது அவசர முடிவாகும். அவ்வாறு கூறுவதற்கு ஆதாரம் தேவை. ஆனால் வெள்ளநீர் பற்றி மக்கள் இரண்டு மாதங்களுக்கு முன் எழுப்பிய கேள்வியை, வெள்ளம் வந்த பின்னராவது எடுத்து ஆராய்வது செய்தித்துறையின் பொறுப்பல்லவா? அனர்த்தச் செய்தி வேறு, ஆர்ப்பாட்டச் செய்தி வேறு என்று இரு பெட்டிகளில் இட்டு வைத்திருக்கும்வரை, காலநிலை மாற்றம் என்பது ஐ.நா. மாநாட்டுச் செய்தியாகவே எமது வாசகருக்குத் தென்படும்.

இன்னும் பல திட்டங்கள் வடபுலத்தை நோக்கி வந்துகொண்டே இருக்கும். பூநகரியின் காற்று இன்னமும் முதலீட்டாளர்களின் கணக்கில் உள்ளது. பொன்னாவெளியில் சீமெந்து உற்பத்திக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்வதற்கு எதிராக மக்கள் நடத்திய போராட்டம் 2024 இல் அமைச்சர் ஒருவரின் வருகையோடு பதற்றமாக மாறியபோதே பலரின் கவனத்துக்கு வந்தது. சுண்ணாம்புக்கல் என்பது எமது நன்னீரைத் தாங்கும் பாத்திரம் என்ற எளிய உண்மை அச்செய்திகளில் எத்தனை தடவை எழுதப்பட்டது என்பதை வாசகர்களே மதிப்பிடலாம்.

ஆகவே, செய்யவேண்டியவை சில உண்டு. ஒரு திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கை வெளியாகும் நாளையே செய்தியாகக் கொண்டு, அதன் சாரத்தை எளிய தமிழில் வெளியிட வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தின் புவியியல், பொறியியல், விவசாயத் துறையினர் தமது அறிவை மாநாட்டு மண்டபங்களோடு நிறுத்திக்கொள்ளாது பத்திரிகைப் பக்கங்களுக்கும் கொண்டுவர வேண்டும். போராட்டச் செய்தியின் முதற் பந்தியிலேயே கோரிக்கை என்ன என்பது இடம்பெற வேண்டும். எத்தனை பேர் கைது என்பது அதன் பின்னர் வரலாம். பொலிஸ் அறிக்கையை அதன் மூலம் குறிப்பிட்டே வெளியிட வேண்டும். பந்தல் கழற்றப்பட்ட பின், மூன்று மாதங்களின் பின்னரும் ஓராண்டின் பின்னரும் அதே இடத்துக்குச் சென்று, வழங்கப்பட்ட வாக்குறுதி என்னவாயிற்று என்று கேட்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

வாசகருக்கும் இதில் பங்குண்டு. ஒரு மறியல் பற்றிய செய்தியை வாசிக்கும்போது, இவர்கள் என்ன கேட்கின்றனர் என்பது அச்செய்தியில் உள்ளதா எனத் தேடிப் பார்க்கட்டும். இல்லையெனில் பத்திரிகைக்கு எழுதிக் கேட்கட்டும். "இனிவரும் திட்டங்களுக்கு மக்களின் இணக்கம் பெறப்படும்" என்று மன்னார் மக்களுக்கு வழங்கப்பட்ட வாக்குறுதி காப்பாற்றப்படுமா என்பது, அடுத்த திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கை திறந்துவைக்கப்படும் அந்த 30 நாட்களில்தான் தெரியவரும். செய்தியாளர்கள் அங்கு இருக்கவேண்டியது அப்போதே.